ஒரே நபர்

பதினோரு வருஷம் வானத்தில் என்னை
கேப்டன் மாதேஸ்வரன் என்றுதான் கூப்பிட்டார்கள்.
மாதேஸ்வரன் என் அப்பா.
மேக்னசைட் சுரங்கத்தில் ஷிப்ட் மேஸ்திரி,
தேங்காய் பறிக்க ஏணி வைத்தாலே
தலை சுற்றும் அவருக்கு.
போர்ட் மோர்ஸ்பியில் தந்த லைசென்ஸ் படிவத்தில்
குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
வேறு எதைப் போட்டு நிரப்புவது?

இங்கே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நான்
மா. செங்கொடி.
டெல்லியிலிருந்து ஒரு வரி வந்தது:
இருவரும் ஒருவர்தான் என்பதற்கு ஆதாரம் தேவை.

அஸ்தம்பட்டி, ஜெராக்ஸ் கடை மாடி.
நோட்டரி தீர்த்தகிரி
பத்திரத்தை மெஷினில் செருகிக்கொண்டே கேட்டார்,
"கல்யாணத்துக்கு அப்புறம் பேர் மாத்துனதுங்களா?"
"இல்லைங்க. லைசென்ஸ் மாத்தறதுக்கு."
"டூவீலருங்களா?"
"எழுபது பேர் உட்கார்றதுங்க."
பஸ் என்று நினைத்திருப்பார்.
முத்திரையை இரண்டு முறை குத்தினார்,
இரண்டு பெயருக்கும் ஒவ்வொன்று போல.

வீட்டில் லாக் புத்தகங்கள், ஐந்து.
அந்த ஊரில் மணியைப் புள்ளி வைத்து எழுதுவோம்,
இங்கே நிமிஷமாகக் கேட்கிறார்கள்.
பத்தில் ஒன்று, ஆறு நிமிஷம்.
அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு
சுரங்கத்தில் ஆள்பேர் படிக்கிற குரலில் படித்தார்.
"ஒண்ணு புள்ளி ஏழு."
ஒரு மணி நாற்பத்திரண்டு.
"மூணு புள்ளி மூணு."
மூன்று மணி பதினெட்டு.
"சைபர் புள்ளி நாலு."
கொஞ்சம் நிறுத்தினார்.
"இருவத்திநாலு நிமிஷத்துல எங்கடி போயிட்டு வந்தே?"
"எங்கயும் போகலப்பா. இறங்கற எடத்துல பன்னிக் கூட்டம்.
சுத்திப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்."
"அதையும் எழுதணுமா?"
"அதையும்."
ஆறாயிரத்துச் சொச்சம் மணிநேரத்தில்
அந்த ஒரு வரியை மட்டும்
விரலால் தடவிவிட்டு அடுத்த பக்கம் போனார்.

விதிகள், தொண்ணூறு. வழிகாணல், எண்பத்தாறு.
வானிலையில் அறுபத்தெட்டு.
எழுபது வேண்டும்.

என்ன தப்பு என்று தெரியும்.
காற்றுக்கு முதுகு காட்டி நின்றால்
தாழ்வழுத்தம் எந்தக் கைப்பக்கம்?
பூமத்திய ரேகைக்குத் தெற்கே, வலது.
வடக்கே, இடது.
பதினோரு வருஷம் தெற்கே பறந்த உடம்பு
யோசிக்காமல் வலதை டிக் செய்தது.
அடுத்த இரண்டு கேள்விகளும்
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டன.

நவம்பர். ஏற்காடு மலைப்பாதை,
இருபதாம் கொண்டை ஊசி வளைவு.
புத்தகத்தைக் கொண்டுவரவில்லை.
கீழே சேலம் விளக்கேற்றிக்கொண்டிருந்தது.
வெட்டிய சுரங்கத்தின் வெள்ளை
இருட்டிலும் தனியாகத் தெரிந்தது,
அப்பாவின் சட்டைக் கைமடிப்பில்
துவைத்தும் போகாத அதே வெள்ளை.
கமலாபுரத்து ஓடுதளம்
அதோ இருக்கிறது என்று தெரிந்தவளுக்கு மட்டும்
ஒரு தீக்குச்சி.

வடகிழக்கிலிருந்து வந்த காற்று பின்கழுத்தில் குளிர்ந்தது.
முதுகு காட்டி நின்றேன்.
வலது கை தானாக எழுந்தது.
இறக்கினேன்.
இடது கையைத் தோள்மட்டத்துக்கு நீட்டினேன்.
தென்கிழக்கு. மலைகளுக்கு அப்பால் கடல்,
கடல்மேல் எங்கோ
மெதுவாகச் சுழலத் தொடங்கும் ஒன்று.
இங்கே, செங்கொடி, இங்கே.
கை வலிக்கும்வரை இறக்குவதில்லை என்று
நின்றிருந்தேன்.

பிரேக் முனகிற்று.
கடைசி வண்டி, மூக்கு என்னை உரசுகிற மாதிரி
வளைவிலேயே நின்றது.
கண்டக்டர் படியில் தொங்கியபடி,
"கைய நீட்டறீங்க, நிறுத்துனா ஏற மாட்டேங்கறீங்க.
சேலமா, இல்லையா?"

சேலம்தான் என்றேன்.
இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினேன்.